அக்கரைச் சுதந்திரமும் இக்கரை மணலும்

1920 ஆகஸ்ட் 12 அன்று, மாநிலக் கல்லூரிக்கு எதிரே உள்ள திருவல்லிக்கேணிக் கடற்கரையில் காந்தி பேசினார். கூடியவர்கள் 50,000 பேருக்கு மேல் என்கிறது அன்றைய பதிவு. ஒலிபெருக்கி புழக்கத்துக்கு வராத காலம். பின்வரிசையில் நின்றவர்கள் காதில் பாதிப் பேச்சு விழுந்திருந்தாலே பெரிது. ஒத்துழையாமையை ஏற்க வேண்டும் என்பதற்கு அவர் முன்வைத்த காரணங்களில் ஒன்று பஞ்சாபில் நடந்த கொடுமை. இன்னொன்று கிலாபத். துருக்கி விஷயத்தில் கொடுத்த வாக்கை ஆங்கிலேய அரசு மீறிவிட்டது என்பது குற்றச்சாட்டு. துருக்கி எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கூட்டத்தில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் வாலாஜா பள்ளிவாசல் பக்கமிருந்தும் பார்த்தசாரதி கோயில் மாட வீதிகளிலிருந்தும் ஆட்கள் நடந்து வந்து மணலில் உட்கார்ந்தார்கள்.

அந்த 50,000 பேரில் ஒருவருக்கும் சொந்த நாட்டில் சுதந்திரம் கிடையாது. கேட்கத் தங்களுக்கென்று ஓர் அரசு இல்லை, அனுப்பப் படை இல்லை. இன்று அதே ஊரில் வாழும் நமக்கு எல்லாம் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய ஜனநாயகம் என்ற பெயர் இருக்கிறது, அணு ஆயுதம் இருக்கிறது, விமானம் தாங்கிக் கப்பல்கள் இருக்கின்றன. பிற நாட்டு மக்களின் சுதந்திரத்துக்காக வலிமையுள்ள ஒரு ஜனநாயகம் தொடர்ந்து துணை நிற்க வேண்டுமா என்ற கேள்வியை இன்று வாஷிங்டனில்தான் அதிகம் விவாதிக்கிறார்கள். வியட்நாமுக்குப் பிறகும், இராக்குக்குப் பிறகும், 2021 ஆகஸ்டில் காபூலை விட்டு அவர்கள் கிளம்பிய பிறகும் அந்த விவாதம் ஓயவில்லை. திருவல்லிக்கேணிக்காரனுக்கு இது அயலூர்க் கேள்வி அல்ல. இந்தக் கேள்வியின் மூன்று விடைகளை இந்தக் கடற்கரை நேரில் பார்த்திருக்கிறது.

முதல் விடை குரல். அது 1920-க்கும் முந்தியது. 1896 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இருபத்தேழு வயது வழக்கறிஞர் காந்தி, பச்சையப்பன் மண்டபத்தில் அங்குள்ள இந்தியர்களின் நிலையை எடுத்துச் சொன்னார். ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்கள் பெருமளவில் அங்கே இருந்ததால் சென்னை அவர் பேச்சை வேறு எந்த நகரத்தையும்விடக் கவனமாகக் கேட்டது. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்து இளைஞர்கள் அறுவர் 1878-ல் தொடங்கிய 'தி இந்து'வின் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவருக்குத் துணை நின்றவர்களில் ஒருவர்.

பிறகு பாரதி. 1907 மே மாதம் விபின் சந்திர பாலரை அழைத்து வந்து இதே கடற்கரையில் தொடர்ந்து பேச வைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்த ஆண்டே அடக்குமுறை வந்தது; 'இந்தியா' பத்திரிகையும் பாரதியும் புதுச்சேரிக்குப் போனார்கள். பத்தாண்டுகள் அவரைக் காத்தது பிரெஞ்சுக் குடியரசின் எல்லை. அந்தக் குடியரசு அவருக்காகப் போருக்குப் போகவில்லை. அல்ஜீரியாவையும் இந்தோசீனாவையும் அடிமைப்படுத்தி வைத்திருந்த அரசு அது. அதன் நல்லெண்ணத்தைப் பெரிதாகப் புகழ ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலேயக் காவலர் கடக்க முடியாத ஒரு கோடு அங்கே இருந்தது, அந்தக் கோட்டுக்குள் ஒருவன் எழுத முடிந்தது. ஜெர்மனியால் நசுக்கப்பட்ட பெல்ஜியம், ஜார் மன்னன் வீழ்ந்த ருஷ்யா, பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்கள் என்று அவர் பாடிய அயல்நாட்டுத் துயரங்களும் வெற்றிகளும் அந்தப் புகலிடத்தில் பிறந்தவை. கடைசிக் காலத்தில் திருவல்லிக்கேணிக்குத் திரும்பி வந்து, துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டில் 1921 செப்டம்பரில் மறைந்தார். அந்த வீடு இன்று பாரதியார் நினைவு இல்லம். பைகிராப்ட்ஸ் சாலை பாரதி சாலையாகிவிட்டது.

இரண்டாவது விடை படை. அதற்கு முதலில் 1971-ஐச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு கிழக்கு வங்கத்திலிருந்து ஏறத்தாழ 1 கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். டிசம்பர் 3-ல் தொடங்கிய போர் 16-ல் முடிந்தது. 93,000 பேர் சிறைப்பட்டார்கள், ஒரு புதிய நாடு பிறந்தது. அந்த நாட்களில் இதே வங்கக் கடலுக்குள் அமெரிக்காவின் ஏழாவது கடற்படையின் எண்டர்பிரைஸ் கப்பல் வந்தது. உலகின் ஆகப் பெரிய வலிமையுள்ள ஜனநாயகம் அன்று நின்றது தேர்தலில் தோற்றவர்கள் பக்கம். 1970 தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ வென்றவர்களின் பக்கம் நின்றது இந்தியா. வேலை முடிந்ததும், 1972 மார்ச்சுக்குள், இந்தியப் படை வங்கதேசத்தை விட்டுத் திரும்பிவிட்டது. அக்கரை மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அழைத்தார்கள், போனோம், சீக்கிரம் வந்துவிட்டோம். 1971 கௌரவமாக முடிந்ததற்கு நான் காணும் காரணம் இவ்வளவுதான்.

பதினாறு ஆண்டுகள் கழித்து இலங்கையில் அந்த அழைப்பும் இல்லை, சீக்கிரம் திரும்பியதும் இல்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் யாழ்ப்பாணத் தமிழ் கேட்கத் தொடங்கியது. மாத வாடகைக் கட்டில்களில் வேலை தேடி வந்த திருநெல்வேலிக்காரர்களோடு, ஊர் திரும்ப வழியில்லாத வல்வெட்டித்துறைக்காரர்களும் இருந்தார்கள். பாரதி சாலை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் சைக்ளோஸ்டைல் செய்த துண்டுப் பிரசுரங்கள் கிடைத்தன. மை கையில் ஒட்டும், நாலாவது பக்கத்துக்கு மேல் எழுத்து மங்கிவிடும். இரவு 9.15 ஆனால் டீக்கடையில் சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு பிபிசி தமிழோசை வைப்பார்கள். சிற்றலையில் இரைச்சலுக்கு நடுவே செய்தி வரும். பாய்லருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கிளாசைக் கீழே வைக்காமல் கேட்பார்கள். அரைமணி நேரம் யாரும் அரசியல் பேச மாட்டார்கள். முடிந்ததும் பேச்சு கடை மூடும்வரை போகும். அந்த வானொலி ஒலிபரப்பு 2017-ல் நின்றுபோனது. இன்று முள்ளிவாய்க்கால் படங்கள் கைபேசியில் நொடியில் வந்து விழுகின்றன, அடுத்த நொடியில் மேலே நகர்ந்துவிடுகின்றன. அன்று செய்தி குறைவு. அதைச் சேர்ந்து கேட்ட காதுகள் அதிகம்.

1987 ஜூன் 4 அன்று பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலாக வர, யாழ்ப்பாணத்தின் மீது சுமார் 25 டன் உணவுப் பொருளையும் மருந்தையும் போட்டுவிட்டு வந்தன. அந்த நடவடிக்கைக்குப் பூமாலை என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தார்கள். ஜூலை 29-ல் கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு இலங்கைக் கடற்படை வீரன் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினான். ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை, அதே ராஜீவ் மெரினாவில் எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தை விளக்கிப் பேசினார்.

கல்லூரி மாணவனாக அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். ஈழத் தமிழருக்கு விடிந்துவிட்டது என்று என்னைச் சுற்றி நின்ற எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை இன்று முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாடு தன் வலிமையை எளியவர்கள் பக்கம் வைக்கிறது என்பதைப் பார்க்கும்போது வருகிற நம்பிக்கை அது. ஆனால் ஒப்பந்தத்தில் யாருக்காக ஒப்பந்தமோ அவர்களின் கையெழுத்து இல்லை. டெல்லியும் கொழும்பும் போட்டுக்கொண்ட தாள் அது.

இரண்டே நாளில், ஆகஸ்ட் 4 அன்று, சுதுமலையில் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் பேசினார். ஆயுத ஒப்படைப்பை அரைமனதோடு ஏற்றதாக அந்தப் பேச்சு இருந்தது. செப்டம்பர் 26-ல் நல்லூரில் திலீபன் உண்ணாவிரதமிருந்து இறந்தார். அக்டோபர் 10-ல், ஒப்பந்தப்படி அமைதி காக்கப் போன இந்தியப் படையும் புலிகளும் மோதத் தொடங்கினார்கள். அந்த மாதமே யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படையின் துப்பாக்கிக் குண்டுகளுக்கு மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் பலியானார்கள். சில ஆயிரம் பேரோடு போன படை உச்சத்தில் சுமார் 80,000 பேராக வளர்ந்தது. திரும்பி வராத இந்திய வீரர்கள் 1,100-க்கும் மேல். பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர். காப்பாற்றப் போன மக்களில் எத்தனை பேர் அந்தப் போரில் செத்தார்கள் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கே கிடையாது. இந்த வித்தியாசத்தை நாம் கவனித்தாக வேண்டும்: அனுப்பியவர்களுக்குக் கணக்கு இருக்கிறது, அனுபவித்தவர்களுக்கு இல்லை.

32 மாதம் கழித்து, 1990 மார்ச் 24-ல் கடைசிப் படைப்பிரிவு திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் பக்க நியாயம். உத்தரவுக்குப் பணிந்து போய்ப் பிணமானவனுக்கு ஒரு மாலைகூடவா இல்லை என்பது மறுபக்க நியாயம். இரண்டையும் இந்த ஊரில் ஒரே வீட்டுக்குள் கேட்கலாம். அடுத்த ஆண்டு மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். மேன்ஷன்களில் இருந்த யாழ்ப்பாணத் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வீடு தேடிப் போனவர்கள், கேட்டவுடன் ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கினார்கள்.

மூன்றாவது விடை, நாம் இப்போது வாழ்ந்துகொண்டிருப்பது. அதை ஒதுங்கி நிற்றல் என்று சொல்லலாம்.

2009 ஏப்ரல் 27 காலை, முதலமைச்சர் கருணாநிதி மெரினாவில் அண்ணா நினைவிடம் அருகே உண்ணாவிரதம் தொடங்கி, கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று இலங்கை அறிவித்ததும் அன்று நண்பகலே முடித்தார். அடுத்த மூன்று வாரங்களில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. மே மாத இறுதியில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2012-லும் 2013-லும் இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. இரண்டாவது முறைக்கு முன்பு லயோலா கல்லூரி மாணவர்களின் உண்ணாவிரதத்திலிருந்து தொடங்கிய போராட்டம் தமிழகம் முழுக்கப் பரவியிருந்தது, தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகியிருந்தது. 2014-ல் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. 2021-லும் 2022-லும் அப்படியே. 2022 மார்ச்சில் உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் வாக்களித்தபோதும் இந்தியா ஒதுங்கிக்கொண்ட 35 நாடுகளில் ஒன்று. தென்னாப்பிரிக்க இனவெறியை 1946-லேயே, விடுதலை கிடைப்பதற்கு ஓராண்டு முன்பே, அதே பொதுச்சபைக்குக் கொண்டுபோய், அந்த நாட்டோடு வணிகத்தையும் முறித்துக்கொண்ட தேசம் இது.

கடற்கரையும் மாறிவிட்டது. மெரினாவில் பொதுக்கூட்டங்களுக்கென்று இருந்த சீரணி அரங்கத்தை 2003-ல் இடித்துவிட்டார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கானோர் திரண்டதற்குப் பிறகு அங்கே கூட்டம் கூடத் தடை இறுகியது. அந்த ஆண்டு மே மாதம் ஈழத்தில் இறந்தவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவர்கள் கைதானார்கள். அவர்களில் நால்வர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆங்கிலேயன் ஆண்டபோது துருக்கிக்காகக் கூட முடிந்த மணலில், நாமே ஆளும்போது, இருபத்திரண்டு மைல் கடலுக்கு அப்பால் செத்தவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்ற முடியவில்லை. கூட்ட நெரிசல், சுத்தம், நடைப்பயிற்சிக்கு வருவோரின் வசதி என்று தடைக்குச் சொல்லும் காரணங்கள் எனக்கும் புரிகின்றன. இழந்தது அதைவிடப் பெரிது என்பதே என் எண்ணம்.

பெற்றதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1990-க்குப் பிறகு பக்கத்து நாட்டின் உள்நாட்டுப் போரில் ஓர் இந்தியப் படையாளும் சாகவில்லை, ஓர் இந்தியக் குண்டும் அந்த மக்கள் மீது பாயவில்லை. இதைச் சின்ன விஷயமாக ஒதுக்கக் கூடாது. 2022-ல் இலங்கை நொடித்து, பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, இந்தியா கிட்டத்தட்ட 400 கோடி டாலர் உதவி செய்தது. அந்த ஆண்டு மே 18-ல், படைவீரர்கள் வந்திறங்கிய அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், மருந்துகளோடு தமிழக அரசின் முதல் கப்பல் கிளம்பியது. தமிழர் பகுதிக்கு மட்டும் என்றில்லாமல் தீவு முழுமைக்கும் போனது. 1987-ல் வானிலிருந்து போட்ட 25 டன்னை இன்றும் பேசுகிறோம். இந்த 9,000 டன்னை அதற்குள் மறந்துவிட்டோம்.

1987 ஒப்பந்தத்தின் மிச்சமாக இலங்கையில் இருப்பவை அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தமும் மாகாண சபைகளும். ஒன்றாக இணைத்த வடக்கையும் கிழக்கையும் இலங்கை உச்ச நீதிமன்றம் 2006-ல் பிரித்தது. மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2014-ல், ஊவா மாகாணத்தில். 13-ஆவது திருத்தத்தை முழுமையாக நிறைவேற்ற வேண்டும் என்று டெல்லி ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்கிறது, கொழும்பு ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்டுக்கொள்கிறது.

ஆகவே, துணை நிற்க வேண்டுமா என்று கேட்டால் என் பதில் ஆம்தான். படையோடு அல்ல. 1971 மறுபடி வாய்ப்பது அரிது. 1987 எளிதில் வரும். ஜெனீவாவில் கை தூக்குவதற்கு ஓர் உயிரும் போகாது. கடற்கரையில் மக்களைப் பேச விடுவதற்கு ஒரு தோட்டாவும் செலவாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடி வந்தவனுக்குப் பாரதிக்குப் புதுச்சேரி கொடுத்ததைக் கொடுப்பது நம் கைக்குள் இருக்கிறது. அதில்தான் நாம் மிகவும் தவறியிருக்கிறோம்.

தேதிகளைப் பாருங்கள். கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது 1987 ஜூலை 29. அதே ஜூலை 1-ஆம் தேதி இந்தியாவில் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள்வரை இந்த மண்ணில் பிறந்த குழந்தை, பொதுவாக, பிறந்ததாலேயே குடிமகன். அன்று முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். இலங்கையிலிருந்து வருவோரையும் மனத்தில் வைத்தே அந்தத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. கடல் கடந்து தமிழரைக் காக்கக் கையெழுத்திட்ட அதே மாதத்தில், கடல் கடந்து வந்த தமிழரின் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தப்பட்டது. 2004-க்குப் பிறகு கதவு இன்னும் இறுகியது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

1983-லிருந்து தமிழகத்துக்கு அகதிகளாக வந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள், அல்லது மேற்கே போய்விட்டார்கள். முகாம்களில் 2021 கணக்குப்படி சுமார் 58,000 பேர், வெளியே பதிவு செய்து வாழ்பவர்கள் சுமார் 34,000 பேர். பல முகாம்களில் பத்துக்குப் பத்து அடி அறையில் இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, 317 கோடி ரூபாய் அறிவித்தது, பல இடங்களில் புது வீடு கட்டிக் கொடுத்தது, குடும்பத் தலைவருக்கு மாத உதவியை 1,500 ரூபாயாக உயர்த்தியது. இதெல்லாம் நல்ல காரியம். ஆனால் மாநில அரசால் வீடு கொடுக்க முடியும், குடியுரிமை கொடுக்க முடியாது. இந்த ஊர்க் கல்லூரியில் படித்துப் பொறியாளரான பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது, வாக்கு கிடையாது.

1987 ஜூலை 1-க்கு முன் முகாமில் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் வரை போய், குடிமகள் என்று நிலைநாட்டி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பின் அகதிப் பெற்றோருக்கு முகாம்களில் பிறந்தவர்களுக்கு நீதிமன்றப் படியேறினாலும் சட்டத்தில் இடமில்லை. அதை மாற்ற நாடாளுமன்றத்தில் ஒரு வரித் திருத்தம் போதும். வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வரும் அடுத்த வேட்பாளரிடம், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அந்தத் திருத்தத்தை ஆதரிப்பாரா என்று கேளுங்கள். முகாமில் இருப்பவர்களுக்கு அதைக் கேட்க வாக்கு இல்லை, நமக்கு இருக்கிறது.